நாற்காலி யாரும் தூக்கிக் கொடுக்கலை: அமெரிக்கப் பெண்கள் பதவிக்கு வந்த கதை

(மகளிர் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர இயலாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம்.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, அமெரிக்கப் பெண்கள் அரசியல் பதவிக்கு வந்த வரலாறு. தலைப்பைக் கேட்டதும் "அமெரிக்காவா? அங்கே பெண்களுக்கு என்னங்க குறை?"ன்னு சிலருக்குத் தோணும். ஒரே ஒரு கணக்கைச் சொல்றேன். அந்த நாட்டுக்கு முதல் அதிபர் 1789-ல் பதவி ஏற்றார். அன்றிலிருந்து இன்று வரைக்கும் ஒரு பெண்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நிலவுக்கு மனிதனை அனுப்பிய நாடு அது. வெள்ளை மாளிகைக்கு ஒரு பெண்ணை அதிபராக அனுப்ப இன்னும் முடியவில்லை.

அதனால இது வெறும் வெற்றிக் கதை இல்லை. எப்படி உள்ளே வந்தாங்க, யார் தடுத்தாங்க, உள்ளே வந்தபின் என்ன செஞ்சாங்க. இந்த மூணு கேள்விக்கும் வரலாறு என்ன பதில் சொல்லுதுன்னு பார்ப்போம்.

கொடுத்த உரிமையைப் பிடுங்கிய ஊர்

முதல் பாடமே கசப்பான பாடம். 1776-ல் நியூஜெர்சி மாநிலம் ஒரு அரசியல் சட்டம் எழுதியது. குறிப்பிட்ட அளவு சொத்து உள்ள குடியிருப்போர் எல்லோரும் வாக்களிக்கலாம் என்று அதில் இருந்தது. ஆண் என்று எழுதவில்லை. கல்யாணமான பெண்ணின் சொத்து சட்டப்படி கணவனுடையது. அதனால், சொந்தமாகச் சொத்து வைத்திருந்த கைம்பெண்களும் மணமாகாத பெண்களும் போய் ஓட்டுப் போட்டார்கள். சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்களில் சொத்து உள்ளவர்களும் போட்டார்கள்.

முப்பது வருஷம் ஓடியது. 1807-ல் அந்த மாநில சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. வரி கட்டும் வெள்ளை ஆண்களுக்கு மட்டும்தான் இனி ஓட்டு. பெண்களின் ஓட்டு போச்சு. எதிர்த்துப் பேச அந்த மன்றத்துக்குள் ஒரு பெண்ணும் இல்லை.

இதை ஏன் முதல்ல சொல்றேன்? ஓட்டு இருந்தால் மட்டும் போதாது. சட்டம் எழுதுகிற அறைக்குள் நம்ம ஆள் இருக்கணும். இல்லைன்னா கொடுத்த கையே எடுத்துக்கும்.

ஓட்டுப் போட முடியாதவர் வேட்பாளர் ஆனார்

1848-ல் செனிகா ஃபால்ஸ் என்ற ஊரில் பெண்ணுரிமை மாநாடு நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் எலிசபெத் கேடி ஸ்டான்டன். அவர் சட்டத்தை நல்லாப் படித்தவர். ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார். பெண் ஓட்டுப் போடக் கூடாதுன்னுதான் மாநிலச் சட்டம் சொல்லுது. ஆனால் நாடாளுமன்றத்துக்குப் பெண் நிற்கக் கூடாதுன்னு அரசியல் சட்டத்தில் எங்கேயும் இல்லையே!

1866-ல் நியூயார்க்கில் பிரதிநிதிகள் சபைக்குச் சுயேச்சையாக நின்றார். தனக்குத் தானே ஓட்டுப் போட முடியாத வேட்பாளர். கிடைத்த வாக்குகள் 24. சுமார் 12,000 பேர் வாக்களித்த தேர்தல் அது. சிரிப்பா இருக்கும். ஆனா அந்த 24 பேரும் ஆண்கள். பெண்ணின் பெயரில் முத்திரை குத்தலாம்னு 24 ஆண்களுக்கு முதன்முதலாகத் தோன்ற வைத்தாரே, அது சின்ன விஷயமா?

1872-ல் விக்டோரியா உட்ஹல் அதிபர் பதவிக்கே போட்டியிட்டார். வாக்குப்பதிவு நாளில் அவர் சிறையில் இருந்தார். தன் பத்திரிகையில் புகழ்பெற்ற ஒரு மதபோதகரின் அந்தரங்க வாழ்க்கையை அம்பலப்படுத்திய வழக்கு. அடுத்த ஐம்பது வருஷம் பெண் வேட்பாளர் என்றாலே நாடு சிரித்தது.

கேலிக்கு நிறுத்தினார்கள், ஜெயித்துக் காட்டினார்

அப்படிச் சிரித்தவர்கள் வாயை அடைத்த கதை ஒன்று. இது ரொம்ப ருசியான கதை, கவனமாக் கேளுங்க.

கான்சாஸ் மாநிலத்தில் ஆர்கோனியா என்று ஒரு சின்ன ஊர். மொத்தமே சில நூறு பேர். 1887-ல் அந்த மாநிலம் நகரத் தேர்தல்களில் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. ஊரில் மதுவிலக்குக்காகப் பாடுபடும் பெண்கள் சங்கம் இருந்தது. சில ஆண்களுக்கு அது பிடிக்கவில்லை. இந்தப் பெண்களை அவமானப்படுத்தணும்னு திட்டம் போட்டார்கள். அந்தக் காலத்தில் வேட்புமனு முன்கூட்டியே தாக்கல் செய்ய வேண்டியதில்லை. வாக்குச்சீட்டில் பெயரை அச்சடித்தால் போதும். சங்கத்தில் இருந்த சுசன்னா சால்ட்டர் என்ற 27 வயதுப் பெண்ணின் பெயரை மேயர் பதவிக்கு அச்சடித்துவிட்டார்கள். அவருக்கே தெரியாது. பத்து இருபது ஓட்டு விழும், ஊரே சிரிக்கும், அப்புறம் எந்தப் பெண்ணும் வாயைத் திறக்க மாட்டாள். இதுதான் கணக்கு.

தேர்தல் அன்று காலையில்தான் விஷயம் வெளியே வந்தது. ஒரு குழு அவர் வீட்டுக்கு ஓடியது. "உன் பேர் சீட்டில் இருக்கு. ஜெயித்தால் பதவி ஏற்பாயா?" அவர் யோசிக்கவில்லை, ஏற்பேன் என்றார். சங்கத்துப் பெண்கள் தாங்கள் நினைத்திருந்த வேட்பாளரை விட்டுவிட்டு இவருக்கே ஓட்டுப் போட்டார்கள். கேலியைப் பார்த்துக் கோபப்பட்ட ஆண்களும் போட்டார்கள். அறுபது சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கி, அமெரிக்காவின் முதல் பெண் மேயர் என்று பெயர் எடுத்தார். ஒரு வருஷம் மேயர் வேலை பார்த்தார். அதற்குச் சம்பளம் ஒரு டாலர்.

விளையாட்டு வினையாச்சுன்னு சொல்வோம் இல்லையா, அந்த ஆண்களுக்கு அன்றைக்கு ஆனது அதுதான்.

மேற்கிலிருந்து வந்த வெளிச்சம்

பெரிய நகரங்கள், பெரிய கல்லூரிகள் எல்லாம் கிழக்கே இருந்தன. ஆனால் பெண்களுக்குக் கதவு திறந்தது மேற்கே, புதிதாகக் குடியேறிய பகுதிகளில். வயோமிங் 1869-லேயே பெண்களுக்கு ஓட்டும் கொடுத்தது, பதவி வகிக்கும் உரிமையும் கொடுத்தது. அடுத்த வருஷமே சவுத் பாஸ் சிட்டி என்ற சுரங்க ஊரில் எஸ்தர் மோரிஸ் என்ற அம்மையார் அமைதி நீதிபதி ஆனார். முரட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த ஊரில் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகளை விசாரித்துத் தீர்ப்புச் சொன்னார்.

1894-ல் கொலராடோ சட்டமன்றத்துக்கு மூன்று பெண்கள் தேர்வானார்கள். நாட்டிலேயே சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்கள் அவர்கள்தான். 1896-ல் யூட்டாவில் மார்த்தா ஹியூஸ் கேனன் மாநில செனட்டர் ஆனார். அவர் ஒரு மருத்துவர். அந்தத் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர்களில் ஒருவர் யார் தெரியுமா? அவருடைய கணவர். மனைவி ஜெயித்தார், கணவர் தோற்றார். சபைக்குள் போன அந்த மருத்துவர் செய்த வேலையில் முக்கியமானது, மாநிலத்துக்கு ஒரு சுகாதார வாரியம் அமைத்தது. மருத்துவராகப் பார்த்ததைச் சட்டமாக்கினார்.

ஒரே ஒரு 'வேண்டாம்'

இப்ப நாடாளுமன்றத்துக்கு வருவோம். மொன்டானா மாநிலப் பெண்களுக்கு 1914-ல் ஓட்டு கிடைத்தது. அதற்காக ஊர் ஊராக அலைந்தவர் ஜானெட் ராங்கின். இரண்டே வருஷத்தில், 1916 நவம்பரில், அவரையே பிரதிநிதிகள் சபைக்கு அனுப்பினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர். நாட்டின் பெரும்பகுதியில் பெண்களுக்கு ஓட்டே இல்லாத காலம் அது.

1917 ஏப்ரல் 2-ம் தேதி பதவி ஏற்றார். நான்கே நாளில் முதல் உலகப் போரில் இறங்கலாமா என்ற வாக்கெடுப்பு. முதல் பெண் உறுப்பினர் என்ன செய்வார் என்று நாடே பார்த்தது. "நீங்க எதிர்த்தால் பெண்கள் ஓட்டுரிமைப் போராட்டமே கெட்டுப்போகும்"னு சொந்தத் தோழிகளே சொன்னார்கள். அவர் போரை எதிர்த்து வாக்களித்தார். அவரோடு எதிர்த்தவர்கள் மொத்தம் 50 பேர். மற்ற 49 பேரும் ஆண்கள். ஆனால் பத்திரிகைகள் திட்டியது யாரை? பெண் என்பதால் மனசு தாங்கவில்லை என்று இவரை மட்டும்.

அடுத்த தேர்தலில் செனட்டுக்கு முயன்று தோற்றார். ஆனாலும் போவதற்கு முன், 1918 ஜனவரியில், பெண்கள் வாக்குரிமைத் திருத்தத்தின் மீதான விவாதத்தைச் சபையில் தொடங்கி வைத்தார். திருத்தம் அந்தச் சபையில் நிறைவேறியது.

1940-ல் அறுபது வயதில் மறுபடியும் ஜெயித்து வந்தார். 1941 டிசம்பர் 8. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட மறுநாள். போருக்கு ஆதரவு 388. எதிர்ப்பு ஒன்று. அந்த ஒன்று இவர்தான். கூட்டம் துரத்தியது, தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு காவலர் வரும்வரை காத்திருந்தார். அத்தோடு தேர்தல் வாழ்க்கை முடிந்தது. பிறகு காந்தியத்தைத் தெரிந்துகொள்ளப் பலமுறை இந்தியாவுக்கு வந்து போனார். எண்பது வயது தாண்டியபின், வியட்நாம் போரை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்களைத் திரட்டித் தலைநகரில் ஊர்வலம் போனார்.

அவர் வாக்கு சரியா தப்பான்னு இன்றைக்கும் வாதம் செய்யலாம். ஆனால் ஒன்று. தனியாளாக நின்று ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

ஒரு தாயின் கடிதம்

வாக்குரிமைத் திருத்தம் சட்டமாக 36 மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். 35 ஆச்சு. 1920 ஆகஸ்ட், டென்னசி மாநிலம். சபையில் சரிபாதியாக நின்றது. ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர் எதிர்ப்பாளர்களின் அடையாளமான சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்தியிருந்தார். பையில் அவர் அம்மாவின் கடிதம் இருந்தது. நல்ல பிள்ளையாக இருந்து ஓட்டுரிமைக்கு ஆதரவாக வாக்களி என்று அந்தத் தாய் எழுதியிருந்தார். பெயர் கூப்பிட்டதும் மகன் 'ஆம்' என்றார். 49-க்கு 47. கோடிக்கணக்கான பெண்களுக்கு வாக்குரிமை வந்தது.

ஆனால் எல்லாப் பெண்களுக்கும் வரவில்லை, இதை மறக்கக் கூடாது. தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண் வாக்குச்சாவடிக்குப் போனால் வாசிப்புத் தேர்வு, தலைவரி, மிரட்டல், அடி. பூர்வகுடி மக்களுக்குக் குடியுரிமையே 1924-ல்தான் எல்லோருக்கும் வந்தது. கறுப்பின மக்களின் ஓட்டுக்கு உண்மையான பாதுகாப்பு 1965-ல் வந்த வாக்குரிமைச் சட்டத்தால்தான். 1920-க்கும் 1965-க்கும் நடுவே 45 வருஷம். ஒரு தலைமுறையே காத்திருந்து கிழவியாகிப் போனது.

ஒப்புக்குச் சப்பாணியும் விதவை நாற்காலியும்

முதல் பெண் செனட்டர் யார்? ஜார்ஜியாவின் ரெபெக்கா ஃபெல்டன், 1922. வயது 87. பதவிக் காலம் ஒரே நாள்! அந்த மாநில ஆளுநர் பெண்கள் வாக்குரிமையை எதிர்த்தவர். இப்போது பெண்கள் கையில் ஓட்டு வந்துவிட்டது, அவர்கள் கோபத்தைத் தணிக்கணும். ஒரு செனட்டர் இறந்ததால் காலியான இடத்துக்கு, சபை கூடாத நேரமாகப் பார்த்து, ஒரு மூதாட்டியை நியமித்தார். ஒப்புக்குச் சப்பாணி. சபை கூடியபோது ஒரு நாள் மட்டும் உட்காரவிட்டார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். அந்த அம்மையார் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்துக்காரர், கறுப்பின ஆண்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்வதை ஆதரித்து மேடையில் பேசியவர். பெண் என்பதாலேயே ஒருவர் நியாயத்தின் பக்கம் நிற்பார் என்று நினைக்காதீங்க. யார், எதற்காக என்று கேட்டுத்தான் ஆகணும்.

அங்கே மாநில ஆளுநர் என்றால் நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி, மக்கள் ஓட்டுப் போட்டு வருகிற பதவி. 1925 ஜனவரியில் இரண்டு பெண்கள் ஆளுநர் ஆனார்கள். வயோமிங்கில் நெல்லி டெய்லோ ராஸ், கணவர் இறந்த இடத்தில் வந்தவர். பதினைந்து நாள் கழித்து டெக்சாசில் மிரியம் ஃபெர்குசன். அவர் கணவர் ஆளுநராக இருந்து, பதவி பறிக்கப்பட்டு, இனி நிற்கவே முடியாது என்று தடை வாங்கியவர். மனைவியை நிறுத்தினார். ஒரு விலைக்கு இரண்டு ஆளுநர் கிடைப்பார்கள் என்று சொல்லியே ஓட்டுக் கேட்டார்கள். பினாமி என்ற சொல் நமக்கு மட்டும் சொந்தம் இல்லைங்க!

கணவர் செத்தால் மனைவிக்கு நாற்காலி. இது அங்கே வழக்கமாகவே ஆச்சு. கட்சித் தலைவர்கள் நினைத்தது என்ன? கொஞ்ச நாள் இடத்தைச் சூடாக வைத்திருப்பாள், நாம் சண்டையை முடித்துக்கொண்டு வேறு ஆளைப் போடுவோம். ஆர்கன்சாசின் ஹேட்டி காரவே விஷயத்தில் இந்தக் கணக்குத் தப்பியது. கணவர் 1931-ல் இறந்ததும் அவரை செனட்டுக்கு நியமித்தார்கள். சபையில் அதிகம் பேசமாட்டார், 'மௌன ஹேட்டி' என்றே பெயர். 1932-ல் ஒருநாள், சபைக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பு கிடைத்தபோது, நான் மறுபடியும் போட்டியிடப் போகிறேன் என்று அறிவித்தார். தலைவர்கள் திகைத்தார்கள். ஜெயித்தார். ஆறு வருஷம் கழித்து மறுபடியும் ஜெயித்தார். செனட்டுக்குத் தேர்தலில் வென்ற முதல் பெண் அவர்தான்.

கணவர் வகித்த பதவியின் வழியாக வராத ஒரு பெண், தன் பெயரில், தன் உழைப்பில் ஆளுநராக ஜெயிக்க 1974 ஆனது. கனெக்டிகட் மாநிலத்தின் எல்லா கிராசோ.

தீயைப் பார்த்த கண்

இனி, உள்ளே வந்தபின் என்ன செஞ்சாங்க என்ற கேள்வி.

1911 மார்ச் 25. நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் தீ. கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகக் குதித்துச் செத்தார்கள். 146 பேர், பெரும்பாலும் இளம் பெண்கள், பிழைக்க வந்த ஏழைகள். தெருவில் நின்று அதைக் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் ஃபிரான்சஸ் பெர்கின்ஸ். தொழிலாளர் பாதுகாப்பே தன் வாழ்க்கை என்று அப்போது முடிவு செய்தார்.

1933-ல் ரூஸ்வெல்ட் அவரைத் தொழிலாளர் துறை அமைச்சராக அழைத்தார். நாட்டின் முதல் பெண் அமைச்சர். "பதவி கொடுத்தாங்களே"ன்னு உடனே ஓடிப் போகவில்லை. ஒரு பட்டியலோடு போனார். குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு, வேலையில்லாதோர் உதவி, முதியோர் ஓய்வூதியம், குழந்தைத் தொழிலுக்குத் தடை. இதைச் செய்ய விடுவீர்களானால் வருகிறேன் என்றார். 12 வருஷம் அமைச்சராக இருந்தார். 1935-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது, மணிக்கு 25 சென்ட். இன்றைக்கும் அமெரிக்காவில் ஒரு முதியவர் மாதாமாதம் ஓய்வூதியம் வாங்கினால் அதில் இந்த அம்மையாரின் கையெழுத்து இருக்கு.

ஆனால் அந்தச் சட்டங்களில் ஒரு ஓட்டை வைத்தார்கள். வயலில் வேலை செய்பவர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் சேர மாட்டார்கள். தெற்கே அந்த வேலையைச் செய்தது யார்? கறுப்பின மக்கள். அந்த ஓட்டையை அடைக்க இன்னும் ஒரு பெண் வரவேண்டியிருந்தது. அவரைப் பற்றிச் சொல்லத்தான் போறேன்.

யாரும் விலைக்கு வாங்காத ஷெர்லி

ஷெர்லி சிஷோம். அம்மா தையல் வேலையும் வீட்டு வேலையும் செய்தவர், அப்பா கூலித் தொழிலாளி. கரீபியத் தீவுகளில் பாட்டியிடம் சில வருஷம் வளர்ந்தார். குழந்தைகள் காப்பகம் நடத்தியவர். 1968-ல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்தார். அந்தச் சபையின் முதல் கறுப்பினப் பெண். தன்னை யாரும் வாங்க முடியாது, யாரும் ஏவ முடியாது என்பதுதான் அவர் தேர்தல் முழக்கம்.

போன உடனே விவசாயக் குழுவில் போட்டார்கள். அவர் தொகுதி நகரத்தின் நடுவே, கான்கிரீட் காட்டுக்குள் இருக்கு. புது உறுப்பினர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கணும் என்பது அங்கே எழுதாத விதி. இவர் சபையிலேயே எழுந்து எதிர்த்தார். குழுவை மாற்றினார்கள்.

1972-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆக முயன்றார். பணம் இல்லை. கறுப்பினத் தலைவர்களில் பலர் "பெண்ணா?" என்றார்கள். பெண்ணியத் தலைவர்களில் பலர் "ஜெயிக்க மாட்டார்" என்று ஒதுங்கினார்கள். கறுப்பினத்தவர் என்பதைவிடப் பெண் என்பதற்காகவே தான் அதிகம் தடுக்கப்பட்டதாக அவர் சொன்னார். அப்படியும் மாநாட்டில் 152 பேராளர்கள் அவருக்கு வாக்களித்தார்கள்.

அதே தேர்தல் நேரத்தில் அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்தார். கறுப்பின மாணவர்களைப் பல்கலைக்கழக வாசலில் மறித்து நின்றவர் அவர். சிஷோம் போய்ப் பார்த்தார். தொகுதி மக்களே கொதித்துப் போனார்கள். இவர் மனுஷத்தன்மையை விடவில்லை. இரண்டு வருஷம் கழித்து வீட்டு வேலை செய்பவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி கொடுக்கும் சட்டத்திருத்தம் வந்தது. தெற்கத்தி உறுப்பினர்களின் வாக்கு வேணும். வாலஸ் அவர்களிடம் தனக்காகப் பேசினார் என்று சிஷோம் பின்னாளில் சொன்னார். 1974-ல் சட்டம் நிறைவேறியது. 1938-ல் விட்ட ஓட்டை 36 வருஷம் கழித்து அடைக்கப்பட்டது. வீட்டு வேலை செய்த ஒரு தாயின் மகள் அந்தச் சபையில் இருந்தார், அதனால் அடைக்கப்பட்டது. பிரதிநிதித்துவம் என்று நாம் சொல்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இன்னொருவர், ஹவாயின் பாட்ஸி மிங்க். ஜப்பானிய வம்சாவளி. டாக்டர் ஆக ஆசைப்பட்டார். பெண் என்பதால் மருத்துவக் கல்லூரிகள் சேர்க்கவில்லை. சட்டம் படித்தார். கல்யாணமாகிக் குழந்தை இருக்கு என்று வேலை தரவில்லை. 1964-ல் நாடாளுமன்றத்துக்குப் போனார். அரசு நிதி வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டப்பிரிவு 1972-ல் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இவர். அவர் இறந்தபின் அந்தச் சட்டத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். தனக்கு மூடிய கதவை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டுப் போனார்.

ஒரே நாற்காலியில் இரண்டு பேர்

நாற்காலி என்று சொல்லிக்கொண்டே இருக்கேன். நிஜமாகவே ஒரு நாற்காலிக் கதை இருக்கு. 1973-ல் கொலராடோவின் பாட் ஷ்ரோடர் ராணுவக் குழுவில் உறுப்பினர் ஆனார். கூடவே ரான் டெலம்ஸ் என்ற கறுப்பின உறுப்பினர். குழுத் தலைவருக்கு இரண்டு பேரையும் பிடிக்கவில்லை. பெண்ணும் கறுப்பினத்தவரும் ஆளுக்குப் பாதி மதிப்புத்தான் என்ற எண்ணத்தில், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நாற்காலி போட்டார். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாக, அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கூட்டத்தில் கலந்துகொண்டார்கள். எழுந்து போகவில்லை. கோபத்தில் எழுந்து போயிருந்தால் அந்த நாற்காலியும் போயிருக்கும்.

உறைமோர்

பணம் இல்லாமல் தேர்தல் இல்லை. அங்கேயும் அப்படித்தான். 1985-ல் எலன் மால்கம் என்பவரும் தோழிகளும் 'எமிலிஸ் லிஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எமிலி ஒரு பெண்ணின் பெயர் இல்லை. ஆரம்பத்தில் கிடைக்கும் பணம், மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் மாதிரி என்ற வாசகத்தின் முதல் எழுத்துகள். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னா உறைமோர். ஒரு குண்டான் பாலுக்கு ஒரு கரண்டி மோர் போதும், ஆனா அது ராத்திரியே விழணும். தேர்தலுக்கு முந்தின நாள் வரும் பத்து லட்சத்தைவிட, முதல் நாள் வரும் பத்தாயிரம் பெரிசு. பெண் வேட்பாளருக்கு அந்த முதல் பத்தாயிரம்தான் கிடைப்பதில்லை. அடுத்த வருஷமே அவர்கள் உதவிய பார்பரா மிகுல்ஸ்கி செனட்டுக்கு ஜெயித்தார்.

1991-ல் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டவர் தன்னைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாக அனிதா ஹில் என்ற பேராசிரியர் செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார். குழுவில் 14 பேர். அத்தனை பேரும் ஆண்கள். ஒரு பெண்ணை அவர்கள் விசாரித்த விதத்தை நாடு தொலைக்காட்சியில் பார்த்தது. 100 பேர் உள்ள செனட்டில் அப்போது இரண்டே பெண்கள். அந்தக் கோபம் ஓட்டாக மாறியது. 1992 தேர்தலில் பிரதிநிதிகள் சபைக்கு ஒரேயடியாக 24 புதுப் பெண்கள், செனட்டுக்கு நான்கு புதுப் பெண்கள். அதில் ஒருவர் கேரல் மோஸ்லி பிரான், செனட்டின் முதல் கறுப்பினப் பெண். இன்னொருவர் வாஷிங்டன் மாநிலத்தின் பேட்டி மரே. மழலையர் பள்ளித் திட்டத்தைக் காப்பாற்ற மனு கொண்டுபோனபோது, கேன்வாஸ் ஷூ போட்ட வெறும் அம்மா நீ, உன்னால் என்ன ஆகும் என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் அவரிடம் சொன்னாராம். அதையே தேர்தல் முழக்கமாக்கி ஜெயித்தார். அந்த 'வெறும் அம்மா' 2023-ல் செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவுக்கே தலைவரானார்.

கழிப்பறை, கால்சட்டை, கைக்குழந்தை

சின்ன விஷயம்னு நினைப்போம். பெண் செனட்டர்களுக்கு சபைக்கூடத்தின் அருகே கழிப்பறை வந்தது 1993 வாக்கில்தான். பிரதிநிதிகள் சபைக் கூடத்தின் அருகே வந்தது 2011-ல். அதுவரைக்கும் வாக்கெடுப்பு மணி அடிக்கும்போது தூரத்திலிருந்து ஓடி வரணும். செனட்டுக்குள் பெண்கள் கால்சட்டை போட்டு வந்ததே 1993-ல்தான் வழக்கமானது. 2018-ல் டாமி டக்வொர்த், ஈராக் போரில் இரண்டு கால்களையும் இழந்தவர், பதவியில் இருக்கும்போதே குழந்தை பெற்ற முதல் செனட்டர் ஆனார். கைக்குழந்தையோடு சபைக்கு வரலாம் என்று விதியை மாற்றினார்கள். 2019-ல் இல்ஹான் ஓமர் முக்காடு அணிந்து வர, 181 வருஷமாக இருந்த தலையணித் தடையை மாற்றினார்கள். ஒவ்வொரு விதியும் ஆணை மனசில் வைத்து எழுதப்பட்டது. பெண் உள்ளே வந்தபிறகுதான் விதி எழுதியவர்களுக்கே அது தெரிந்தது.

துளசேந்திரபுரமும் தெரிந்துகொண்ட பெயர்

2007-ல் நான்சி பெலோசி முதல் பெண் சபாநாயகர் ஆனார். ஐந்து பிள்ளைகளை வளர்த்துவிட்டு, 47 வயதில் முதல் தேர்தலில் ஜெயித்தவர். வயசாயிடுச்சேன்னு யோசிக்கும் அக்காக்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்க. 2016-ல் ஹிலாரி கிளின்டன் மக்கள் வாக்கில் 28 லட்சத்துக்கும் அதிகமாக வாங்கினார். அந்த நாட்டுத் தேர்வாளர் குழு முறையால் அதிபர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. அதே வருஷம் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால், 16 வயதில் படிக்கத் தனியாக அமெரிக்கா போனவர், பிரதிநிதிகள் சபைக்கு வென்ற முதல் இந்திய அமெரிக்கப் பெண் ஆனார்.

2021 ஜனவரி 20-ல் கமலா ஹாரிஸ் துணை அதிபர் ஆனபோது மன்னார்குடி பக்கத்தில் துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்தார்கள். அவருடைய தாத்தா கோபாலனின் ஊர் அது. அம்மா சியாமளா, 19 வயதில் மேல்படிப்புக்காகக் கடல் கடந்தவர், பின்னாளில் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர். நமக்குப் பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் ஓர் ஊரின் பேத்தி என்பதற்காகப் பெருமைப்படுவதோடு நின்றுவிடாமல், ஒரு பெண்ணைத் தனியாகப் படிக்க அனுப்பிய அந்தக் குடும்பத்தின் துணிச்சலையும் நினைக்கணும். 2024-ல் அதிபர் தேர்தலில் அவர் தோற்றார். நாற்காலி இன்னும் காத்திருக்கு. நாடாளுமன்றத்தில் இன்றைக்கும் பெண்கள் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

எடுத்துக்கொண்டு போக வேண்டியவை

நேரம் ஆச்சு. மூணே மூணு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. எந்த வாசல் வழியாக வந்தோம் என்பதில் வெட்கம் வேண்டாம். சால்ட்டர் கேலியால் வந்தார், காரவே கணவர் இடத்தில் வந்தார். வந்தபின் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் கேள்வி. கையெழுத்து உங்களுடையதா, வேறு யாருடையதோ?

இரண்டு. கேட்கும்போதே பட்டியலோடு கேளுங்க. பெர்கின்ஸ் மாதிரி. பதவி கொடுத்தால் என்ன செய்வேன் என்று முதலிலேயே எழுதி வைத்திருப்பவரை யாரும் ஒப்புக்குச் சப்பாணி ஆக்க முடியாது.

மூன்று. கூட நிற்க ஆள் வேணும். சிஷோமின் தோல்விக்குக் காரணம் எதிரிகள் மட்டும் இல்லை. "ஜெயிக்க மாட்டார்" என்று ஒதுங்கிய நண்பர்களும்தான். நம்ம தெருவில் ஒரு பெண் நிற்கிறேன் என்று சொன்னால், முதல் நாளே அந்த ஒரு கரண்டி உறைமோரைக் கொண்டுபோய் ஊற்றுங்க. நூறு ரூபாயோ, ரெண்டு மணி நேர உழைப்போ, அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சாயங்காலமோ, எதுவாக இருந்தாலும் சரி.

1866-ல் 24 பேர் போட்ட ஓட்டு வீண் போகவில்லை. நீங்க போடப்போவதும் வீண் போகாது.



#மகளிர்_பயிலரங்கு #பெண்களும்_அரசியலும்